சகலையின் முட்டுச்சந்து

ஜனவரி 9

அன்புள்ள சகலைக்கு,

இங்கு என் வயிற்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் இருமல் விட்டதா, பாப்பா எழுந்து நிற்கிறாளா என்று எழுது. போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அக்காளும் தங்கையும் பேசி முடித்து, நம் கைக்குப் போன் வருவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. ஆகவே தபால்.

வயிற்றில் ஒரே எரிச்சல். டாக்டர் ஒரு வெள்ளை மருந்து கொடுத்து, "நேரத்துக்குச் சாப்பிடுங்க, எதையும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். முதலாவதை முயன்று பார்க்கிறேன்.

போன வாரம் மாமா வீட்டுக்குப் போனேன். அவருடைய வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகியதாம். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். வாஷிங் மெஷின் சர்வீஸ் கம்பெனியில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். முப்பது மெக்கானிக்குகளைக் கட்டி மேய்க்கிறேன். மாமா என்னைக் கூப்பிடவில்லை. அத்தனை தூரத்தில் இருக்கும் உனக்குப் போன் போட்டுக் கேட்டு, நீ சொன்னபடி ஹோஸைத் திருகி, தானே சரி செய்துவிட்டாராம். அதை என்னிடமே பெருமையாகச் சொன்னார். "சின்ன மாப்பிள்ளை கிளையிலதான் ரிப்பீட் கம்ப்ளெயின்ட்டே கிடையாதாமே" என்று வேறு கேட்டார். சரி செய்த மெஷினுக்காக அதே வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டால் அது ரிப்பீட் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை.

உன்னை இந்தக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்தவன் நான் என்பதை அவர் மறந்திருக்கலாம். அது போகட்டும். உன் கிளையில் அப்படி என்னதான் செய்கிறாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் சகலை


ஜனவரி 21

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கையை விட்டால் உட்கார்ந்துவிடுகிறாள். உங்கள் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? வீட்டில் இவளும் தினம் கேட்கிறாள்.

மாமா என்னைக் கூப்பிட்டது உங்களுக்கு வேலை இருக்குமே என்றுதான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் பையில் சாமான் நிரப்பும்போது, ஸ்பேர் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆளுக்கு ஒரு முட்டுச்சந்து சொல்லுவோம். நேற்றைக்கு எந்த வீட்டில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றோம் என்பதுதான் அது. முதலில் நான் சொல்வேன். நான் முட்டாத நாளே இல்லை என்பதால் அதில் கஷ்டமில்லை.

போன வாரம் எங்கள் டார்ச் சொன்னாள். வாயில் டார்ச் கவ்விக்கொண்டே வேலை செய்வதால் அவளுக்கு அந்தப் பெயர். "நேத்து ஒரு வீட்டுல மத்தியானம் பூரா இருந்தேன். டிரம்மு சுத்தும்போது கீச்சுனு ஒரு சத்தம். எங்கேருந்து வருதுன்னே புடிபடல. அப்புறம் வரேன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்." பக்கத்தில் நின்றவன், "தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவுல ஹேர்பின் கிடக்கும், பாரு. நான் ரெண்டு தடவை எடுத்திருக்கேன்" என்றான். ஹேர்பின்தான். ரிப்பீட் ஒன்று குறைந்தது.

ஒரு வசதி உண்டு. தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பத்துப் பேருக்குக் குறைந்த கிளையை ஆள் ஆளாகப் பிரிக்காதாம். எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே மார்க். அதனால் டார்ச்சின் முட்டுச்சந்து எல்லோருக்கும்தான் முட்டுகிறது.

அண்ணிக்கு நமஸ்காரம். மருந்தை விடாமல் சாப்பிடுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி


மார்ச் 2

அன்புள்ள சகலைக்கு,

தாங்களும் தங்கள் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நலம். வயிறு அப்படியேதான்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஆடிட் வேலை. ஆறு பேர் நின்று அரட்டை அடிப்பது சின்னக் கிளைக்குச் சரிதான். முப்பது பேர் உள்ள இடத்தில் அதெல்லாம் ஒழுங்குமுறையோடு நடக்க வேண்டும். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

மாமா பிறந்த நாளுக்குத் தாங்கள் அனுப்பிய கைக்கடிகாரத்தை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கையை நீட்டிக் காட்டுகிறார். நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் பீரோவில் நலமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சகலை


மார்ச் 19

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். பாப்பா நாலு அடி நடந்தாள். என்னைத் 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன். கொஞ்சம் பயமாக இருந்தது.

நேற்றுத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'முட்டுச்சந்து: பெரிய கிளையின் புதிய முயற்சி' என்று தலைப்பு, அதன் கீழே உங்கள் புகைப்படம். புகைப்படம் நன்றாக விழுந்திருக்கிறது. டார்ச் அதைச் சத்தமாகப் படித்தாள். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவள் சிரிக்கவில்லை. அண்ணிக்குப் போன் போட்டு ஏதோ கேட்டிருக்கிறாள். அண்ணி தனக்கு ஒன்றும் தெரியாது என்றாராம். பேனர் அடித்த விஷயம் மட்டும் அண்ணி வாயிலிருந்து வந்துவிட்டது. நான் இவளிடம், "யாரு பேருல நடந்தா என்ன, நல்லது நடந்தா சரி" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் அண்ணா. உங்கள் கிளைச் சுவரில் அந்த ரேங்க் லிஸ்ட் இன்னும் தொங்குகிறதா? முப்பது பேரையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தி, கடைசி ஐந்து பேரைச் சிவப்பில் போடுவார்களே, அது. அதற்குக் கீழே நின்று முட்டுச்சந்து சொல்வது கஷ்டம் என்று தோன்றியது. உங்களுக்குத் தெரியாதது இல்லை.

வயிற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி


ஏப்ரல் 11

சகலைக்கு,

நலம். உங்கள் அனைவரின் நலமும் அதுபோலவே இருக்கட்டும்.

லிஸ்ட் தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டவர் தலைமை அலுவலகத்து அளவுகோல். அந்த மனிதருக்கு நாம் வைத்த பெயரே அவர் எதையும் அளக்காமல் விடமாட்டார் என்பதால்தானே. அதைக் கழற்ற நான் யார்?

கேட்டுவிட்டாய், ஆகவே சொல்கிறேன். பேனர் கட்டி, முப்பது பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆரம்பிங்கப்பா என்றேன். அரை நாள் மௌன அஞ்சலி மாதிரி நின்றார்கள். பிறகு ஒருவன், "ட்ராஃபிக் சார்" என்றான். அடுத்தவன், "லிஃப்ட் வேலை செய்யல சார், நாலு மாடி ஏறினேன்." மூன்றாமவன், "கஸ்டமர் வீட்டு நாய் சார்." இதையெல்லாம் பெயரோடு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது அளவுகோல் போட்ட விதி. நாயையும் ஏற்றினேன்.

மூன்றாவது நாள், எங்கள் ஆட்களில் நெட்டை என்று கூப்பிடுகிறவன் வாயைத் திறந்தான். "புது மாடல்ல போர்டு எரர் காட்டினா எனக்குக் குழம்புது சார். ரெண்டு வீட்டுல சும்மா தட்டிப் பாத்துட்டு, சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." யாரும் அவனுக்கு வழி சொல்லவில்லை. சொன்னால் அவன் ரேங்க் ஏறும், சொன்னவன் ரேங்க் இறங்கும். பதிவு செய்வது என் வேலை, செய்தேன். அடுத்த திங்கள்கிழமை அளவுகோல் அவனைப் புது மாடல் ரூட்டிலிருந்து எடுத்துவிட்டார். பெயர் சிவப்பில் வந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். அன்றைக்கு மறுநாளிலிருந்து முப்பது பேருக்கும் முட்டுச்சந்தே இல்லை. ராஜபாட்டையில் போகிறார்களாம்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்று உன் வீட்டில் பேசிக்கொள்வீர்கள். பேசுங்கள்.

இன்னொரு விஷயம். தலைமை அலுவலகத்தில் புதிதாக ஒரு பதவி வருகிறது. எல்லாக் கிளைகளுக்கும் தெரிந்ததைத் திரட்டி எல்லோருக்கும் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள ஒரு ஆள். நான் விண்ணப்பித்திருக்கிறேன். பதினாலு வருஷம் கழித்து எனக்கு இது வரவேண்டும். வராவிட்டால் மாமா வீட்டுப் படியேற எனக்கு முகமில்லை.

நெட்டை உன் கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறான். சேர்த்துக்கொள்ளாதே.

உன் சகலை


ஏப்ரல் 20

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். நலம். நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்வதற்கு முந்தின நாளே, எங்களில் ஒருவர் விலகிய இடத்தில் நெட்டை வேலையில் சேர்ந்துவிட்டார். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

அந்தப் பதவிக்கு என்னையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் விண்ணப்பிக்கவில்லை, அவர்களாகக் கூப்பிட்டார்கள். இதை இவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணி வழியாக உங்களுக்கு வரும். நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

வயிறு எப்படி இருக்கிறது?

தங்கள் அன்புத் தம்பி


மே 1

சகலைக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை. இருந்தாலும் பாப்பா நலமா?

வயிறு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். எரிகிறது. டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். அப்போதும் எரிகிறது. இது மருந்துக் கடையில் கிடைக்கிற சமாசாரத்துக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியாது.

உனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தபோது உன் அண்ணி, "தங்கச்சி என்னைக்காவது பக்கத்துக் கிளைக்கு மாறி வந்துடுவா" என்று அழுதாள். அதற்காக அளவுகோல் அறை வாசலில் அரை நாள் நின்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அந்த வேலையை நான் கடிதம் போட்டு, சிபாரிசு பிடித்துச் செய்திருக்கிறேன். மாமா வீட்டில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். போன தடவை நீங்கள் வந்தபோது உட்காரப் போனேன், "அது சின்னவருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

உன்னிடம் எல்லோரும் பேசுகிறார்கள். மாமா பேசுகிறார். உன் ஆறு பேரும் பேசுகிறார்கள். என் ஆளே உன்னிடம் வந்து பேசுகிறான். என்னிடம் நாய் கடிக்க வந்ததை மட்டும் சொல்கிறார்கள்.

நேர்காணலுக்கு வா. தடுக்க மாட்டேன். ஆனால் வந்து அங்கே என் காலைத் தொடாதே, அண்ணா என்று கூப்பிடாதே. அந்த நல்லபிள்ளை வேஷத்தை அங்கும் பார்க்க என்னால் முடியாது.

சகலை


ஜூலை 14

அன்புள்ள சகலைக்கு,

இங்கு யாவரும் நலம். என் கடைசிக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாதது நியாயம்தான். நேர்காணலுக்கு உனக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று வைத்துவிட்டதால் நேரில் பார்க்கும் சங்கடமும் இல்லாமல் போயிற்று.

இதற்குள் உனக்குச் செய்தி வந்திருக்கும். பதவி உனக்குத்தான். அது எப்படி வந்தது என்று அளவுகோல் சொல்லியிருக்க மாட்டார், ஆகவே நான் சொல்கிறேன்.

அன்றைக்கு அறையில் அளவுகோலும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, "இது சின்னக் கிளையில நல்லா நடக்குது. உங்க கிளையில ஏன் நடக்கல?" என்று கேட்டார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவரே தொடர்ந்தார். "உங்க சகலை கெட்டிக்காரர். அதான் அங்க நடக்குது. அப்படிப்பட்டவர் கிளையிலேயே இருக்கட்டும். அனுபவம் உள்ளவர் நீங்க, உங்களை இங்க எடுத்துக்கலாம்னு யோசிக்கிறோம். என்ன சொல்றீங்க?"

பழம் நழுவிப் பாலில் விழுந்து, அதுவும் நழுவி வாயில் விழுகிற நேரம். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். உன்னைக் கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொண்டு தலையை ஆட்ட வேண்டும். நாற்காலி எனக்கு. சகலை, சத்தியமாகச் சொல்கிறேன், என் தலை ஆடவில்லை.

"அவன் ஒண்ணும் கெட்டிக்காரன் இல்ல சார்" என்றேன்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை. "அவன்கிட்ட ஆறு பேருக்கு ஒரே மார்க். ஒருத்தன் முட்டினா ஆறு பேருக்கும் வலிக்கும். அதனால பேசுறாங்க. என்கிட்ட முப்பது பேருக்கு முப்பது மார்க். ஒருத்தன் முட்டினா மத்த இருபத்தொன்பது பேருக்கும் லாபம். எவன் சார் பேசுவான்? அந்த லிஸ்ட்டைக் கழட்டுங்க, என் ஆளுங்களும் பேசுவாங்க. அதையே கொண்டுபோய் அங்க மாட்டுங்க, அந்த ஆறு பேரும் ஊமையாயிடுவாங்க. என் சகலையும் ஊமையாயிடுவான்."

லிஸ்ட் அளவுகோல் பெற்ற பிள்ளை. அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன்னை உயர்த்திப் பேச வாய் வராததால் சொன்னது. வெளியே வரும்போது, "சகலைமேல இவ்வளவு பொறாமை இருக்கிற ஆளை இந்த இடத்துல எப்படி வைக்கிறது" என்று அவர் சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

கூட இருந்த இரண்டு பேரில் ஒருத்தர், சோதனையாக ஆறு மாதத்துக்கு என் கிளையில் மட்டும் லிஸ்ட்டை எடுத்துப் பார்ப்போம் என்று எழுதி வைத்திருக்கிறார். நேற்று ஆள் வந்து கழற்றினான்.

புதுப் பதவிக்கு வாழ்த்துகள். வயிறு எரிந்துகொண்டுதான் வாழ்த்துகிறேன், ஆனாலும் வாழ்த்துகிறேன். மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். இனிப்பு கொடுத்தார்.

உன் சகலை


செப்டம்பர் 25

அன்புள்ள சகலைக்கு,

நலம். புது ஊரும் புது வீடும் பழகிவிட்டதா? பாப்பா ஓடுகிறாளாமே. உன் அண்ணி சொன்னாள். நீயும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இங்கே லிஸ்ட் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. முதல் மாதம் எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், மறுபடி வந்துவிடுமோ என்று. பிறகு நான் ஆரம்பித்தேன். மாமா வீட்டு மெஷின் மறுபடி ஒழுகியதையும், நான் போய் முக்கால் மணி நேரம் தலைகீழாகப் படுத்துக் கிடந்தும் கண்டுபிடிக்காமல் வந்ததையும் சொன்னேன். ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, "சார், வாஷர் வெடிச்சிருக்கும். சாயங்காலம் நான் வரேன்" என்றான். வந்தான். வாஷர்தான். அதிலிருந்து பேச்சு சூடு பிடித்துவிட்டது. இப்போது வண்டியில் ஏறச் சொன்னால்தான் நிறுத்துகிறார்கள்.

எங்களுக்கு ஒரு பெரிய முட்டுச்சந்து. புது மாடல் மெஷின் சில வீடுகளில் துணியைப் பிழியும் நேரத்தில் பாதியில் நின்றுவிடுகிறது. சென்டருக்குத் தூக்கி வந்து போட்டால் கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாக ஓடுகிறது. திருப்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தால் மறுபடி நிற்கிறது. முப்பது பேரும் கையை விரித்துவிட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. எல்லாக் கிளைக் கம்ப்ளெயின்ட்டும் வந்து சேரும் இடத்தில் நீ இருக்கிறாய். உனக்கு ஏதாவது தெரியுமா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் சகலை


அக்டோபர் 18

பெரிய கிளைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தொழில்நுட்பக் கேள்விகளைக் கம்ப்யூட்டரில் உரிய பிரிவில் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வரிசைப்படி பதில் அளிக்கப்படும்.

தங்கள் குடும்பத்தார் நலமாக இருப்பார்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், அறிவுப் பகிர்வுப் பிரிவு


நவம்பர் 22

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் நலமா? இங்கே பாப்பாவும் இவளும் நலம். என் உடம்பும் நலம்தான்.

போன கடிதத்தை டைப் செய்து கையெழுத்துப் போடும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் அனுப்பினேன். நீங்கள் பதிலுக்குத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இந்த அறையில் நாங்கள் நாலு பேர். அளவுகோலின் மேஜைக்குப் பின்னால் எங்களுக்கும் ஒரு லிஸ்ட் தொங்குகிறது. மாதா மாதம் யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று மார்க். வந்த புதிதில் எனக்குத் தோன்றியதையெல்லாம் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொள்வார். ஒரு நாள் மீட்டிங்கில் அதை அப்படியே தன் கண்டுபிடிப்பாகப் படித்தார். கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மறுநாளிலிருந்து அவர் வந்தால் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக்கொள்கிறேன். இப்போது நாலு பேரும் நாலு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். பகிர்வுப் பிரிவு என்று வாசலில் பலகை இருக்கிறது.

நீங்கள் கேட்ட அந்த மெஷின் விஷயத்தைத்தான் நாலு பேரும் துரத்திக்கொண்டிருக்கிறோம். முதலில் பிடிக்கிறவருக்குப் பெரிய மார்க். அதில் ஒரு பாதி எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் வந்தபோதே தெரியும். எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், உங்களிடம் போனால் இன்னொரு சுற்றறிக்கை வருமோ என்று நினைத்துவிட்டேன். அண்ணா, நான் அப்படியெல்லாம் நினைக்கிறவன் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கிளையில் காலையில் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கிறதாமே. அண்ணி சொன்னதாக இவள் சொன்னாள். வண்டியில் ஏறச் சொன்னால்தான் நிறுத்துகிறார்கள் என்று நீங்களும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கவில்லை.

என்னிடம் உள்ள பாதி இதுதான். மெஷின் பாதியில் நிற்கும் புகார் எல்லாக் கிளையிலிருந்தும் வரவில்லை. 'மெஷின் வாங்கினால் பரிசு இலவசம்' திட்டம் நடந்த கிளைகளிலிருந்து மட்டும் வருகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பரிசு என்ன என்பது விற்பனைப் பிரிவுக்குத்தான் தெரியும், அவர்கள் எங்களோடு பேச மாட்டார்கள். நாங்களும் கேட்க மாட்டோம்.

தங்கள் அன்புத் தம்பி


டிசம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும், தங்கச்சியும், ஓடுகிற பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

நீ ஊமையாகிவிடுவாய் என்று நான் அந்த அறையில் சொன்னது பலித்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷப்படலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வரவில்லை. உன் அண்ணி வந்து, "என்ன, திரும்ப வயிறா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை உன் பாதியை எங்கள் ஆட்களிடம் படித்துக் காட்டினேன். பரிசு என்ற சொல்லைக் கேட்டதும், புகார் எழுதிக்கொள்ளும் கவுண்டர் அம்மா எழுந்து வந்து, "சார், அது சக்கரம் வெச்ச ஸ்டாண்டு. மெஷினுக்கு அடியில வைக்கிறது. நான்தானே டெலிவரி சீட்டு போட்டேன்" என்றார். உடனே ஒருவன், தான் போன இரண்டு வீட்டிலும் ஸ்டாண்ட் இருந்தது என்றான். இன்னொருவன், தான் போன வீட்டில் ஸ்டாண்ட் இல்லை, மெஷின் நிற்கவும் இல்லை என்றான். மத்தியானம் நாலு வீட்டுக்கு ஓடினோம். ஸ்டாண்டை உருவிவிட்டு மெஷினைத் தரையில் வைத்தோம். நாலும் கடைசி வரை பிழிந்தன. வேகம் எடுக்கும்போது அந்த ஸ்டாண்ட் ஆடுகிறது. துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டது என்று மெஷின் நினைத்துக்கொண்டு தானே நின்றுவிடுகிறது. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

இதை உன் பெயரில் போட்டுக்கொள். அளவுகோலிடம் நீயே போய்ச் சொல், பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் சொல். பெயர் மாறிப் போவது இந்தக் கம்பெனியில் புதிதா என்ன. மார்க்கையும் நீயே வைத்துக்கொள், எங்களுக்கு இங்கே தொங்கவிட லிஸ்ட் இல்லை. அந்த அறையில் இருக்க முடியவில்லை என்றால் எழுது. அடுத்த வருஷம் எனக்கு ஒரு துணைப் பொறுப்பாளர் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. மாமாவுக்கு நீ போன் போடும்போது, இதைக் கண்டுபிடித்தது பெரிய மாப்பிள்ளை என்று சொல்லிவிடு. பாதி உன்னுடையது, மீதி கவுண்டர் அம்மாவுடையது என்பதெல்லாம் உண்மைதான். அவ்வளவு விவரம் மாமாவுக்கு வேண்டாம்.

உன் அண்ணன்